நிலைமொழி ஹப், வருமொழி டிஸ்க்: பிரேக் வேலைக்குப் பிந்தைய புணர்ச்சி விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

சரக்கு வண்டிக்கு பிரேக் வேலை முடிந்தபின் டிஸ்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்டறிவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். நாமக்கல் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில், ஒரு பிக்கப் வண்டி, ஒரு மெக்கானிக், ஓர் உதவியாளர், ஒரு வண்டிக்காரர், 4 எலுமிச்சம்பழங்கள் ஆகிய தரவுகளைக் கொண்டு ஒரு பகல் முழுவதும் கள ஆய்வு நிகழ்த்தப்பட்டது. நன்னூல் விதிகள் பயன்படுத்தப்பட்டன. ஸ்பேனர்களும் பயன்படுத்தப்பட்டன; ஆனால் அவை கட்டுரையாளரின் கையில் கொடுக்கப்படவில்லை.

1. ஆய்வுச் சிக்கல்

கட்டுரையாளரின் பெரியப்பா மகன் பிக்கப் வண்டியில் முட்டை ஏற்றுபவர். போன ஆடியில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டிஸ்க், புது பேடு போட்டார். வேலை முடிந்த அன்று பெடலை மிதித்தால் வண்டி கும்பிட்டு நின்றது. ஐப்பசி பிறந்ததும் கதை மாறியது. பிரேக்கில் கால் வைத்தால் பெடல் திருப்பி உதைக்கத் தொடங்கியது.

“அடியில இருந்து யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்குதுடா” என்றார் அண்ணன்.

தட்டியவர் பெடலோடு நிற்கவில்லை. அட்டைக்கு 30 முட்டை. அடுக்கின் அடியில் இருந்த அட்டைகளில் கீறல் விழுந்தது. ஒரு கோழிமுட்டை ஓட்டின் கனம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்தான். ஆகவே நாமக்கல் முட்டையை வெறும் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சாலையின் தரம், ஓட்டுநரின் குணம், பிரேக்கின் நடுக்கம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பதிவு செய்யும் நுண்கருவி அது. ஒரே குறை, ஒரு முறைதான் அளக்கும்.

நோய் இன்னதென்று கண்டுபிடிக்கும் பொறுப்பை வழக்கம்போல டீக்கடை ஏற்றுக்கொண்டது. “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்று ஒருவர் சொன்னார். டிஸ்க்கைப் பார்க்காத நால்வர் ஆமோதித்தனர். டீக்கடை மரபில் நான்கு பேர் ஒத்துக்கொண்டால் அது கோட்பாடு. மறுநாள் வண்டி வேறொரு பட்டறைக்குப் போனது. கூடவே ஒரு நோட்டும், இரண்டு பேனாவும், இக்கட்டுரையாளரும் போயினர்.

2. சொல்லாராய்ச்சி

ஆய்வுப்பொருளின் பெயரிலேயே கருத்து வேறுபாடு உண்டு. கையேடுகள் ‘ரோட்டர்’ என்கின்றன. பட்டறை ‘டிஸ்க்’ என்கிறது. உடன் வந்திருந்த பெரியப்பா ‘அந்தத் தட்டு’ என்றார். மூன்றும் ஒன்றையே குறிக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டம் அது. அதை இரு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடித்தால் வண்டி நிற்கும். கவ்வுகிற வாய்க்கு காலிப்பர் என்று பெயர். டிஸ்க் போய் உட்காரும் நடுப்பகுதி ஹப்.

‘உட்காரும்’ என்பது இங்கே தானாக வந்து விழுந்த சொல்லன்று. ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்துவதைப் பொருத்தம் என்று சொல்லும் பழக்கம் பட்டறையில் இல்லை. பொருத்தம் பார்ப்பது சோதிடர் வேலை. பட்டறையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: “உக்காந்துருச்சா?” பேரிங் உட்காரும், வாஷர் உட்காரும், டிஸ்க்கும் உட்காரும். பந்தியில் இலை போட்டதும் இடிக்காமல், சாயாமல், பக்கத்து இலைக்குள் முழங்கையை நீட்டாமல் ஒருவர் உட்கார்வதைப் போன்றது இது. எதிர்ச்சொல் ‘ஆடுது’. இரண்டுக்கும் நடுவில் வேறு சொல் கிடையாது.

3. முன்னாய்வுகள்

தேர்ச்சக்கரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் அறிஞர் உலகம், அந்தத் தேரை நிறுத்தியவனைப் பற்றிப் பேசுவதில்லை. நிறுத்தியது முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேர் அசையும்போது வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கும். சக்கரத்தின் ஓரமாகக் குனிந்தபடியே ஓடி, கட்டையைச் சரியான கணத்தில் செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்பவரை யாரும் பார்ப்பதில்லை. பிற்காலத்தில் அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்தது. அப்போதும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை. ஆனால் இந்த மொழி அதற்குச் செய்த மரியாதையைப் பாருங்கள். நல்ல காரியத்தைக் கெடுப்பவனுக்குத்தான் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று பெயர். இழுப்பவனுக்குப் புகழ், நிறுத்துபவனுக்கு வசை.

மேற்கே 1902-இல் பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தை உலோகம் கவ்வியதால் அது போட்ட ஓலம் பெரிது என்பர். 1953-இல் பிரான்சின் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றபிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. சென்னைப் பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. நம் பெரிய லாரிகளில் இன்றும் ட்ரம்மும் காற்று பிரேக்குமே பெரும்பான்மை. குட்டியானை, பிக்கப் போன்ற சின்ன சரக்கு வண்டிகள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம்.

இவர்கள் எவரும் காணத் தவறிய ஒன்றை இக்கட்டுரை காண்கிறது. டிஸ்க் ஹப்பில் உட்காருவதற்கான இலக்கணத்தைப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். அவருக்கு அது தெரியாது என்பது வேறு செய்தி. ‘அன்றே நாம்’ என்று தொடங்கும் எந்த ஆய்வுக்கும் அது தடையாக இருந்ததில்லை.

4. கோட்பாடு: புணர்ச்சி விதிகள்

நிலைமொழியின் இறுதியும் வருமொழியின் முதலும் சேர்வது புணர்ச்சி. இங்கே ஹப் நிலைமொழி. அது வண்டியோடு இருப்பது. டிஸ்க் வருமொழி, அது பெட்டியில் வருவது. இரண்டும் எந்த மாற்றமும் இன்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. மாற்றம் வந்தால் விகாரப் புணர்ச்சி. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல்: இரண்டுக்கும் இடையே இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றுவது. மொழியில் அது வல்லொற்று. ஹப்பில் அது துரு.

திரிதல்: ஒன்று வேறொன்றாக மாறுவது. நேராகச் சுழல வேண்டிய டிஸ்க் பக்கவாட்டில் அலைந்து சுழல்வது இவ்வகை.

கெடுதல்: இருந்தது இல்லாமல் போவது. டிஸ்க்கின் கனம் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து குறைவது.

மொழியில் இம்மூன்றும் தனித்தனியாகவும் வரும். பிரேக்கில் ஒன்று மற்றொன்றைப் பெறும் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. அதற்கு ஒரு கணக்கு.

ஹப் முகத்தின் அகலம் 14 சென்டிமீட்டர் என்க. அதன் ஓரத்தில், கடைந்தெடுத்த பளபளப்பின்மேல், 0.08 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துருச் சில்லு ஒட்டியிருக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் கனம் அவ்வளவு இருக்கும். அதன்மேல் 23 சென்டிமீட்டர் அகலமுள்ள டிஸ்க்கை வைத்து நட்டை முறுக்கினால், டிஸ்க் அந்தச் சில்லின்மேல் ஒருக்களித்து உட்காரும். நடுவில் 0.08 ஆக இருந்த சாய்வு விளிம்புக்குப் போகும்போது 0.13 ஆகிவிடும். பெரும்பாலான கையேடுகள் பொறுத்துக்கொள்ளும் அலைவு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். ஒரு முடி போதும், உயர்நீதிமன்றம் வரை போகலாம்.

இந்த அலைவை அன்றைக்கே கால் உணராது. எனவேதான் வேலை முடிந்த நாளில் வண்டி கும்பிட்டு நிற்கிறது. ஆனால் பிரேக் போடாமல் ஓடும்போதும், டிஸ்க்கின் அலையும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பேடைத் தொட்டுப் போகும். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 500-க்கு மேற்பட்ட சுற்று. நாமக்கல்லிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர். ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் 26,000 தடவை தொட்டிருக்கும். ஆடியிலிருந்து ஐப்பசிவரை இப்படித் தொட்டுத் தொட்டு, அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். மெலிந்த இடம் பேடுக்குள் வரும்போதெல்லாம் பெடல் துடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 9 தடவை.

ஆக, தோன்றலால் திரிதல், திரிதலால் கெடுதல். டீக்கடை சொன்னதுபோல டிஸ்க் வளையவில்லை, சாய்வாக உட்காரவைக்கப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் விலை ஒரு ஜோடி டிஸ்க்.

5. கள ஆய்வும் ஆய்வாளர் குறுக்கீடும்

தகவலாளி 1 மெக்கானிக். நடுவயது, பேச்சு குறைவு. தகவலாளி 2 உதவியாளர். ஐடிஐ முடித்துவிட்டு வந்து சில மாதங்களே ஆன தம்பி. அவர் பேச்சு இன்னும் குறைவு. கருவிகள்: ஜாக்கி, ஸ்டாண்டு, கம்பி பிரஷ், உப்புத்தாள், பனியன் வேஸ்ட், பக்கத்து லேத் பட்டறையில் இரவல் வாங்கிய டயல் கேஜ்.

வலது சக்கரத்தில் தம்பி வேலை செய்தார். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு உப்புத்தாள். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் அடிவட்டத்தையும் விரல் நுனியில் தாளைச் சுற்றிக்கொண்டு தேய்த்தார். நகத்தால் தடவிப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார். கால் மணிநேரம் ஆயிற்று. இதில் ஆய்வுக்குரியது எதுவும் இல்லை என்று கண்ட கட்டுரையாளர் இடது சக்கரத்துக்கு நகர்ந்தார்.

அங்கே தகவலாளி 1-இடம் நேர்காணல் நிகழ்த்தப்பட்டது. “டிஸ்க்கை ஹப்புடன் இணைக்கும் அந்தக் கணத்தில் தங்கள் மனநிலை எத்தகையது?” என்பது முதல் கேள்வி. அவர் ஹப்பைப் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்து, “என்னங்க?” என்றார். கேள்வி விளக்கப்பட்டது. விளக்கம் நீண்டது. அதைக் கேட்டபடியே அவர் புது டிஸ்க்கை எடுத்து மாட்டினார்.

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயை இரண்டு பக்கமும் தின்னர் போட்டுத் துடைத்தாயிற்று. சக்கரம் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் அளக்க வேண்டும் என்பதால், வீல் நட்டுகளை வாஷர் கொடுத்து, ஐந்தையும் சம இறுக்கமாக முறுக்கினார். இப்படி முறுக்காமல் அளந்தால் டிஸ்க் போல்ட்டில் தொங்கிக்கொண்டு பொய் சொல்லும். டயல் கேஜின் காந்தப் பாதத்தை அசையாத இடத்தில் ஒட்டி, முள்ளை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளித் தொடவைத்து, மெதுவாக ஒரு சுற்று.

வலது: 0.03. இடது: 0.14.

ஒரே பெட்டியில் வந்த ஜோடி. கட்டுரையாளர் உடனே மூன்று கருதுகோள்களை முன்வைத்தார்: வார்ப்புக் குறை, இடப்பக்கத்துக்கே உரிய இயற்கைச் சாய்வு, டயல் கேஜின் சார்புநிலை. மெக்கானிக் சக்கரத்தின் இடத்தில் மேலும் கீழுமாக ஹப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பேரிங்கில் ஆட்டம் இல்லை. இருந்தால் அதுவும் டிஸ்க்கின் தலையில்தான் விழுந்திருக்கும்.

வலப்பக்கத்திலிருந்து தம்பி எட்டிப் பார்த்தார்.

“அடியில சுத்தமா உக்காரலீங்கண்ணா.”

டிஸ்க்கைக் கழற்றினார்கள். ஹப் முகத்தில், ஒரு போல்ட்டின் காலடியில், செம்பழுப்பாக ஒரு சில்லு. முந்தைய பட்டறையிலும் அது அங்கேயே இருந்திருக்க வேண்டும். அங்கேயும் யாரோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆய்வாளரின் இருப்பே ஆய்வுப்பொருளைத் திரித்துவிடும் என்று முறையியல் நூல்கள் எச்சரிக்கின்றன. இவ்வளவு நேராகத் திரிக்கும் என்று எச்சரிக்கவில்லை.

தம்பி தேய்த்தார். மறுபடி மாட்டி அளந்தபோது 0.05. “பரவால்லைங்க, ஆனா இன்னுங் கொறைக்கலாம்” என்று மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டினார். ஹப்புக்கென்று ஒரு சிறு சாய்வும் டிஸ்க்குக்கென்று ஒரு சிறு சாய்வும் எப்போதும் உண்டு. இரண்டும் ஒரே திசையில் நின்றால் கூடும். எதிரெதிரே நின்றால் கழியும். ஐந்து போல்ட் என்றால் ஐந்து வாய்ப்பு. இரண்டாம் வாய்ப்பிலேயே 0.03 வந்தது. உறவினர் வீட்டுப் பந்தியில் ஆளை இடம் மாற்றி உட்காரவைத்துச் சண்டையைத் தவிர்ப்பதும் இந்தத் தத்துவமே.

கடைசியாக ஒரு ஐயம் எழுப்பப்பட்டது. ஒட்டாத இரு உயிர்களுக்கிடையே உடம்படுமெய் வருவதுபோல, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கிரீஸ் தாராளமாகப் பூசலாமே?

“தாராளமாப் பூசுனீங்கன்னா அதுவே துரு மாதிரி நிக்குமுங்க. பேடுல வழிஞ்சா பிரேக்கே புடிக்காது. நடு வட்டத்து ஓரத்துல பேருக்குக் காமிச்சாப் போதும்.”

உடம்படுமெய் ஒரே எழுத்தாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

6. ஒலியியல்

பேடும் காலிப்பரும் பூட்டியாயிற்று. இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியவை எளியவை. எளியவை என்பதாலேயே தவறுபவை. காலிப்பரின் காற்றெடுக்கும் நிப்பிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறிப்போனால் அது கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை முறை காற்றெடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். பேடின் உராயும் முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம். இரும்பு முதுகை டிஸ்க்கின் பக்கம் வைத்துப் பூட்டிய வண்டிகள் இந்த உலகில் உண்டு.

பிறகு சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். புதியவர்கள் இங்கேதான் பதறுவார்கள். லேசாக ஓர் உரசல் கேட்கும். அது குறையன்று. டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், பெடலை அழுத்தும்போது கொஞ்சம் சாய்ந்து கொடுத்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும்; திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு முடி அளவு பின்னுக்குக் கூட்டி வரும். அந்த ரப்பரின் ஞாபகசக்தியை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. எனவே பேடு டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் நிற்பது இயல்பு.

இவ்வுரசலைக் கட்டுரையாளர் இருவகைப்படுத்துகிறார். சுற்று முழுவதும் ஒரே சீராக, காதைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் கேட்பது குற்றியலுகரம், அரை மாத்திரை, அனுமதிக்கத்தக்கது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், “ஷ்ஷ்” என்று அழுத்தி ஒலிப்பது முற்றியலுகரம், முழு மாத்திரை, கழற்றத்தக்கது. ஈரூர் உறவினர் பேச்சில் எல்லாம் நல்லவிதமாகப் போய்க்கொண்டிருக்கையில், வரதட்சணை என்ற சொல் வரும்போது மட்டும் ஒருவர் கனைப்பாரே, அதுபோன்றது இரண்டாவது.

7. நட்டும் கோலமும்

சக்கரத்தின் ஐந்து நட்டுகளை வரிசையாகச் சுற்றி முறுக்குவது எளிது. தவறும் அதுவே. முதல் நட்டை முழுமூச்சாக முறுக்கினால் சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்து, நடுவில் மாட்டிக்கொண்ட டிஸ்க்கையும் இழுத்துக்கொண்டு உட்காரும். கால் மணிநேரம் தேய்த்ததும், துளை மாற்றிப் பூட்டியதும் அரை நிமிடத்தில் வீண்.

தம்பி ஐந்தையும் முதலில் கையால் ஏற்றினார். பிறகு ஒன்று விட்டு ஒன்று தாண்டித் தாண்டி முறுக்கினார். நோட்டில் அந்த வரிசையைக் கோடு போட்டு இணைத்துப் பார்த்தால், கை எடுக்காமல் வரையும் ஐம்முனை நட்சத்திரம் வந்தது. வாசலில் போடும் கோலம்தான். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு அதே கோலத்தை இன்னொருமுறை முழு இறுக்கத்தில் போட்டார். “நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒருக்கா டைட் பாத்துக்குங்க” என்றார். மார்கழி மாதம் அல்லாத நாளிலும் கோலத்துக்கு மறுபூச்சு தேவைப்படுவது இதனால் தெளிவு.

8. எதிர்பாராத தரவு

இந்நிலையில் எல்லாச் சோதனைகளும் முடிந்ததாகக் கருதிய கட்டுரையாளர், வண்டியைப் பட்டறைக்கு வெளியே எடுத்துவைக்கும் எளிய பணியைத் தாமே முன்வந்து ஏற்றார். பட்டறை வாசல் சாலையைப் பார்த்து லேசான சரிவு. சாலைக்கு இப்பால் டீக்கடை பெஞ்சு. பெஞ்சில் முன்பு குறிப்பிடப்பட்ட நால்வர்.

வண்டி நகர்ந்தது. பிரேக்கில் கால் வைக்கப்பட்டது. கால் தடையேதும் இன்றித் தரைவரை போயிற்று.

இதன் காரணம் பிறகு விளக்கப்பட்டது. புதுப் பேடுகள் கனமானவை. அவற்றுக்கு இடம் செய்வதற்காகக் காலிப்பர் பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் இரண்டு மூன்று மிதிப்பில் பிரேக் ஆயில் பிஸ்டனை மறுபடி வெளியே தள்ளிப் பேடை டிஸ்க்கின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதிலேயே செலவாகும். ஆகவே வண்டியை அசைக்கும் முன், நின்ற இடத்திலேயே, கால் கல்லில் மோதுவதுபோல ஆகும்வரை மிதிக்க வேண்டும். இது விதி. விதிகளுள் முதல் விதி. யாரும் சொல்லவில்லை, ஏனெனில் எல்லோருக்கும் தெரியும்.

“மிதிங்க! மிதிங்க! விட்டு விட்டு மிதிங்க!” என்று மெக்கானிக் கத்தினார். அன்று அவர் பேசியதிலேயே மிக உரத்த வாக்கியம் அது. நால்வரும் தேநீரைச் சிந்தாமல் எழுந்து நின்றனர். அந்தத் திறமை வேறு ஆய்வுக்குரியது. கட்டுரையாளர் மிதிப்பதற்குள் வண்டி மெதுவாக எதன்மேலோ ஏறப்போய், முடியாமல் நின்றது.

முன்சக்கரத்தடியில் ஒரு கருங்கல். செருகியவர் தகவலாளி 2. குனிந்தபடியே ஓடிவந்து, சரியான கணத்தில் வைத்திருக்கிறார். திருவாரூரில் பார்க்காததை நாமக்கல்லில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது.

9. வெள்ளோட்டமும் எலுமிச்சையும்

அண்ணனுக்கு நேராகக் கொல்லிமலைக்குப் போய்விட ஆசை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். மெக்கானிக் ஒப்பவில்லை. புதுப் பேடும் புது டிஸ்க்கும் முதலில் ஒன்றோடொன்று பழக வேண்டும். சமதரைச் சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 50 வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. சற்று ஓடவிட்டு ஆறவைத்து, மறுபடி. இப்படி ஏழெட்டுத் தடவை. சூடேறிய டிஸ்க்கில் பேடை அழுத்திக்கொண்டு நின்றால் பேடின் பூச்சு அந்த ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும்; பெடல் மறுபடி தட்டும்; டீக்கடை மறுபடி வளைந்துவிட்டது என்னும்.

சூடு எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு. சரக்கோடு 2 டன் எடையுள்ள வண்டி 60 வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் ஏறக்குறைய 278 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். பெஞ்சில் இருந்த நால்வருக்கும் இரண்டு சுற்று டீ. நாம் ஒவ்வொரு சிக்னலிலும் இந்த டீயைக் காற்றில் ஊற்றிவிட்டுத்தான் போகிறோம்.

வெள்ளோட்டம் முடிந்து திரும்பியதும் மெக்கானிக் இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். தொடவில்லை. ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒன்றுபோலச் சுட்டன. தலையசைத்தார்.

இறுதியாக நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டி ஏற்றப்பட்டது. பழங்கள் நான்கும் ஒருமித்து நசுங்கின. இச்சோதனை டிஸ்க்கின் அலைவைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. ஆனால் இதைச் செய்யாத வண்டியில் அண்ணன் ஏறமாட்டார் என்பதால், ஓட்டுநரைச் சரியாக உட்காரவைக்கும் சோதனை என்ற வகையில் இது ஏற்கப்படுகிறது.

10. ஆய்வின் வரம்புகள்

ட்ரம் பிரேக்குக்கும் காற்று பிரேக்குக்கும் இவ்விதிகள் அப்படியே பொருந்தா. அவற்றுக்குத் தனி அதிகாரம் தேவை. தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து மறுபடி போடுவது பற்றியும் இங்கு பேசப்படவில்லை. டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போனதை எந்த இலக்கணமும் காப்பாற்றாது என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம். கட்டுரையாளரை மேலதிகக் கள ஆய்வுக்கு அனுமதிப்பதில்லை என்று தகவலாளி 1 தெரிவித்துவிட்டார்.

11. முடிவுரை

சுற்றிப் பார்த்தல், காது கொடுத்தல், வெள்ளோட்டம், எலுமிச்சை ஆகியவை எல்லாம் உட்கார்ந்ததா என்று கேட்கும் கேள்விகள். பதில் அவற்றுக்கெல்லாம் முன்பே, டிஸ்க் மாட்டப்படுவதற்கும் முன்பே, ஆய்வுக்குரியது எதுவும் இல்லை என்று கட்டுரையாளர் எழுந்து போன அந்தக் கால் மணிநேரத்தில் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை.

குற்ற உணர்வில், இடது ஹப்பிலிருந்து உதிர்ந்த துருவை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன். ஒரு சிட்டிகைகூட இராது. முதன்மைச் சான்று என்று எழுதி வண்டியின் டேஷ்போர்டில் வைத்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலை அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போனார். பத்து மணிக்கு போனில் கூப்பிட்டார். ஒரு முட்டைகூடக் கீறவில்லையாம். பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம்.

“எல்லாம் ஆஞ்சநேயர் புண்ணியம்டா. நீ டேஷ்போர்டுல மடிச்சு வெச்சிருந்த செந்தூரத்த நெத்தியில வெச்சுட்டுத்தான் வண்டிய எடுத்தேன்.”